யுஸ்ஸி பியோர்லிங்: உணர்ச்சி குறைந்த குரலா?

கருப்புத்தட்டு

இதை ரொம்ப நாளாகப் பேச நினைத்திருந்தேன். ஸ்வீடன் டெனர் (உயர்ந்த ஸ்தாயியில் பாடும் ஆண் குரல்) யுஸ்ஸி பியோர்லிங்கைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், குரலை வானளாவப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் உணர்ச்சிதான் கொஞ்சம் கம்மி என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அவர் பாட்டில் உணர்ச்சி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிறார்கள் என்பது என் கட்சி.

1936-இல் ஸ்டாக்ஹோமில் பதிவான 'கே ஜெலீதா மனீனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். புச்சீனியின் 'லா போயெம்' ஆபராவில் வருவது. அப்போது பியோர்லிங்குக்கு வயது 25. கதைப்படி, இருட்டில் சாவி தேடும் சாக்கில் பக்கத்து அறைப் பெண்ணின் கையைத் தொட்டுவிட்ட ஏழைக் கவிஞன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். முதல் சந்திப்பு. அங்கே விம்மலுக்கு என்ன வேலை? பியோர்லிங் பேசுகிற மாதிரியே தொடங்குகிறார். தான் யார், என்ன செய்கிறேன் என்று அவன் சொல்லும் வரிகளில் ஒரு கூச்சம் தெரிகிறது. பிறகு மெட்டு அகலமாக விரியும் இடத்தில் குரலின் நிறமே மாறிவிடுகிறது. சத்தம் ஏறியதாகத் தோன்றாது, வெளிச்சம் ஏறியது போலத்தான் இருக்கும். 'ஸ்பெரான்ஸா' என்ற சொல்லில் ஒரு ஹை சி, டெனர் குரலின் உச்சத்து ஸ்வரம், வருகிறது. பல பாடகர்கள் அதற்கு முன்னால் மூச்சைத் திரட்டிக்கொண்டு ஒரு தாவு தாவுவார்கள். இவர் அந்த ஸ்வரத்துக்குப் போய்ச் சேருவதே தெரியாது. வரியின் நடுவில் அதுவும் ஒரு சொல், அவ்வளவே.

நம்பிக்கை என்று பொருள்படும் சொல்லை நம்பிக்கையோடு பாடுகிறார். இதற்கு மேல் என்ன உணர்ச்சி வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது?

நீலாம்பரி

முழுக்க ஒத்துப்போகிறேன். இத்தாலிய டெனர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விம்மல் ஒரு பழக்கமாகிவிட்டது. கரூஸோ 'பாலியாச்சி' ஆபராவில் அழுதார், அது அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தியது. அவருக்குப் பின் வந்தவர்கள் பொருந்தாத இடத்திலும் அழுதார்கள். ஜீலி மீது எனக்கு அளவில்லாத பிரியம் உண்டு. மெல்லிய குரலில் அவர் பாடும்போது உருகாதவர்கள் இருக்க முடியாது. ஆனாலும் அவர் வரியின் கடைசியில் சேர்க்கும் அந்த ஒரு கேவல், மெட்டை உடைத்துவிடுகிறது. பியோர்லிங் மெட்டை உடைக்கவே மாட்டார். சோகத்தையும் மெட்டுக்குள்ளேயே வைத்துத்தான் தருவார்.

இரவுநேயர்

நான் மாற்றுக் கருத்து சொல்லிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க சார்.

உணர்ச்சி கம்மின்னு சொல்றவங்க முழுக்கத் தப்புன்னு எனக்குத் தோணல. அவங்க கேட்டது ஸ்டுடியோ பதிவுகள். ஐம்பதுகள்ல ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடின முழு ஆபராக்கள் சிலதுல அவர் ஒரு அளவோட நின்னுக்கிறார். 1957 'டாஸ்கா'வை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அப்படித்தான் படுது. எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஆபத்து இல்ல.

அதே மனுஷரை நேரடி ஒலிபரப்புல கேளுங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா, 1940 டிசம்பர் 14, வெர்டியோட 'உன் பாலோ இன் மாஸ்கெரா'. கூட ஸிங்கா மிலனோவ், வாத்தியக்குழுவை நடத்துறவர் எட்டோரே பனீட்ஸா. ரெண்டாம் அங்கக் காதல் ஜோடிப்பாட்டு வந்ததும் பனீட்ஸா வேகத்தை ஏத்துறார், பியோர்லிங் கொஞ்சமும் பின்வாங்காம கூடவே பாயுறார். ஸ்டுடியோல இந்த ஆள் எங்கே போனார்னு கேக்கத் தோணும். 1947 பிப்ரவரி 1, பிடூ ஸயாவோட 'ரோமியோ எ ஜூலியெட்', அதுவும் மெட் ஒலிபரப்பு. அதைக் கேட்டவங்க யாரும் குளிர்ந்த குரல்னு சொல்ல வாய்ப்பே இல்ல.

என் கட்சி இதுதான்: குரல்ல குறை இல்ல. மைக் முன்னாடி தனியா நின்னா அவர் கவனமாயிடுவார். எதிர்ல ஜனம் இருந்தா பத்திக்குவார்.

புதுக்காது

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கம் புதுசு. எனக்குத் தெரிஞ்சது 'நெஸ்ஸுன் டோர்மா' மட்டும்தான், அதுவும் பவரொட்டி பாடினது. பியோர்லிங்கை எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? முழு ஆபரா கேக்கற பொறுமை இப்போதைக்கு இல்ல.

கருப்புத்தட்டு

வாங்க, வாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டிலிருந்தே தொடங்குவோம். 1944-இல் ஸ்டாக்ஹோமில் நில்ஸ் கிரெவில்லியுஸ் நடத்த, பியோர்லிங் பாடிய 'நெஸ்ஸுன் டோர்மா' இருக்கிறது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1941-லிருந்து போர் முடியும்வரை அவர் ஸ்வீடனையே இருப்பிடமாகக் கொண்டிருந்தார், மெட்ரோபாலிட்டனுக்குத் திரும்பியது 1945-இல்தான். 'டுராண்டாட்' ஆபராவில் இதைப் பாடும் இளவரசன் பாத்திரத்தை அவர் மேடையில் ஒருமுறைகூடப் பாடியதில்லை. ஆனால் அந்த இசைத்தட்டைக் கேட்டால் அந்த இளவரசன் வெல்லத்தான் போகிறான் என்று நமக்கே உறுதியாகிவிடும். புச்சீனியின் ஏட்டில் கடைசி 'வின்செரோ'வில் (வெல்வேன்) வரும் உச்ச ஸ்வரம் குறுகியது, அடுத்த ஸ்வரத்தில்தான் கார்வை. அதை நீட்டிப் பிடிப்பது பின்னால் பெரிய வழக்கமாகிவிட்டது. பியோர்லிங் அங்கே கொடி நாட்டுவதில்லை. தொட்டு, நிறைத்து, இறங்கிவிடுகிறார்.

அடுத்தது, ராபர்ட் மெரில் என்ற அமெரிக்க பாரிடோனோடு (டெனருக்குக் கீழ் ஸ்தாயி ஆண் குரல்) ஐம்பதுகளின் தொடக்கத்தில் பாடிய 'ஓ ஃபோன் த்யூ தாம்ப்ல் ஸேன்'. பிஸே எழுதிய 'முத்துக்குளிப்போர்' ஆபராவில் வருகிறது. கதை நடப்பது பழைய இலங்கையில் என்பது கூடுதல் சுவாரஸ்யம். இரண்டு ஆண் குரல்கள் இணைந்து பாடிய பதிவுகளில் இதைவிடப் புகழ் பெற்றது எனக்குத் தெரிந்து இல்லை.

முழு ஆபராவுக்குப் பொறுமை வந்தால் 1956 'லா போயெம்'. விக்டோரியா த லோஸ் ஆங்கெலெஸ், மெரில், நடத்தியவர் தாமஸ் பீச்சம். இரவுநேயரின் 'ஸ்டுடியோவில் கவனமாகிவிடுவார்' என்ற வாதத்துக்கு என் பதில் இந்த ஒரு பதிவு.

இரவுநேயர்

அந்த ஒண்ணை ஒத்துக்கிறேன். பீச்சம் பாடகரைத் துரத்தல, மூச்சு விட இடம் கொடுத்தார். விதிவிலக்கு.

ஒலிப்பொறி

புதுக்காது கேட்டதற்கு இன்னொரு பதிலும் வேண்டும்: எந்தப் பாட்டு என்பதோடு எந்தப் பிரதி என்பதையும் பாருங்கள். பியோர்லிங்கின் முப்பது, நாற்பதுகளின் ஸ்டுடியோப் பதிவுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள். பெரிய பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம் போல, பத்து அங்குலத்தில் மூன்று நிமிடம் போல. அதிலிருந்து குறுந்தகடுக்கோ இணையத்துக்கோ மாற்றுகிறவர் செய்யும் இரண்டு காரியங்கள் குரலையே மாற்றிவிடும்.

முதலாவது வேகம். சுழற்சி சுமார் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். அரை ஸ்வரம் ஏறினால் சுருதி மட்டும் மாறாது. குரலின் அகாரம், ஓகாரம் எல்லாம் சிறுத்துவிடும், அதிர்வு படபடக்கும், பாடகர் வயதில் இளைத்துப்போவார். அதற்கும் குறைந்த பிழைகூடக் காதுக்குத் தெரியாமலே குரலின் கனத்தைத் திருடிக்கொள்ளும். இவர் குரல் மெல்லிசானது என்று யாராவது சொன்னால், எந்தப் பிரதி கேட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

இரண்டாவது இரைச்சல் நீக்கம். தேர்ந்த டெனர் குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு சக்திக் குவியல் உண்டு. வாத்தியக்குழுவின் பலம் அந்த இடத்தில் குறைந்திருப்பதால்தான், மைக் இல்லாமலே ஒற்றை மனிதக் குரல் அத்தனை வயலின்களையும் தாண்டி அரங்கின் கடைசி வரிசைக்குப் போகிறது. பியோர்லிங் குரலின் அந்த வெள்ளி மின்னல் அங்கேயும் அதற்கு மேலேயும்தான் இருக்கிறது. ஊசியின் சரசரப்பும் அதே பக்கம்தான். சரசரப்பை முழுக்கத் துடைக்கப் போனால் மின்னலும் கூடவே போய்விடும். மிச்சமிருப்பது கம்பளிக்குள்ளிருந்து பாடும் ஒரு நல்ல மனிதர். குளிர்ந்த குரல் என்ற பெயர் கிளம்பியதில் இப்படித் துடைத்த பிரதிகளுக்கும் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

சரசரப்போடு கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் காது அதைத் தானே ஒதுக்கிவிடும்.

சாரீரம்

நான் குரல் பயிற்சி தருகிறவள். ஒலிப்பொறி சொன்னதைப் பாடகர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தச் சாரீரம் எப்படி உருவானது என்று பார்த்தால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். 1911-இல் ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் போர்லெங்கெ பகுதியில் பிறந்தவர். அப்பா டாவிட் பியோர்லிங்கும் டெனர், பிள்ளைகளுக்கு அவரே குரு. தாய் 1917-இல் இறந்துபோக, அப்பாவும் ஊல்லெ, யுஸ்ஸி, யோஸ்டா என்ற மூன்று பையன்களும் நால்வர் குழுவாக ஊர் ஊராகப் பாடினார்கள். 1919-இலிருந்து 1921 வரை அமெரிக்காவில் சுற்றுப்பயணம். 1920-இல் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பையன்கள் பாடிய தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அது மைக் வருவதற்கு முந்தைய காலம், ஒரு புனலுக்குள் பாட வேண்டும். அந்தச் சின்னக் குரலில்கூட வரி அறுபடாமல் போவதைக் கேட்கலாம்.

அதாவது, மற்றவர்கள் இருபது வயதில் மூச்சுப் பயிற்சி தொடங்குகிறார்கள் என்றால், இவருக்கு அது பேச்சோடு சேர்ந்து வந்தது. 1928-இல் ஸ்டாக்ஹோம் ராயல் ஆபராவில் யோன் ஃபோர்செல்லிடம் சேர்ந்தபோது அடித்தளம் ஏற்கனவே இருந்தது. மேல் ஸ்தாயிக்கு ஸ்காட்லாந்து டெனர் ஜோசப் ஹிஸ்லப்பும் உதவினார். 1930 ஆகஸ்டில் மொட்ஸார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் டான் ஒட்டாவியோவாக அதிகாரபூர்வ அரங்கேற்றம். வயது 19.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல டெனர்களுக்கு மேலே போகப் போக அகாரம் ஓகாரமாக மூடிக்கொள்ளும், அல்லது பிளந்துகொள்ளும். இவருக்கு இரண்டும் நடப்பதில்லை. கீழே இருந்த அதே உயிரெழுத்து மேலேயும் அதே முகத்தோடு இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு ஜாருவாக நகரும்போதும் அழுத்தம் குறைவதில்லை. கேட்பவருக்கு உழைப்பே தெரியாது. உழைப்பு தெரியாத இடத்தில் உணர்ச்சியும் இல்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். பாடகர் நெற்றியில் வியர்வை தெரிந்தால்தான் மனம் இளகுவது என்பது கேட்பவரின் பழக்கம். அதற்குப் பாடகர் பொறுப்பாக முடியாது.

இரவுநேயர் சொன்ன நேரடிப் பதிவுகளில் எனக்குக் கேட்பதும் இதே முறைதான். வேகமும் துணிச்சலும் கூடியிருக்கின்றன, ஆனால் அங்கேயும் ஒரு வரியைக்கூட அவர் உடைக்கவில்லை.

இரவுநேயர்

மேடம், அருமையா சொன்னீங்க. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். மேடையில அவர் பெரிய நடிகர் இல்லைங்கிறது அவர் காலத்து விமர்சகர்களே எழுதினது. நின்ன இடத்துல நின்னு பாடுவார். அந்தப் பேச்சு மெல்ல மெல்ல குரல் மேலயும் ஒட்டிக்கிச்சு. பார்த்தவங்க சொன்னதைப் பார்க்காதவங்க தட்டு கேட்டும் திருப்பிச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நமக்குக் கையில இருக்கறது குரல் மட்டும்தான், அதை வெச்சுத்தான் தீர்ப்பு சொல்லணும்.

நீலாம்பரி

ஆபராவிலேயே நிற்கிறோம். அவர் தாய்மொழிப் பாடல்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே!

குளிர்ச்சி என்று சொல்கிறவர்கள் ஸ்யோபெரி எழுதிய 'டூனெர்னா'வைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஸ்யோபெரி தொழிலால் மருத்துவர். இரவு மட்டுமே காணும் மனப்போராட்டம் கொண்டவன், இசையிடம் வந்து இளைப்பாற இடம் கேட்கிறான், பாட்டின் பொருள் அவ்வளவுதான். சின்னஞ்சிறு பாட்டு. பியோர்லிங் அதைத் தன் வாழ்நாள் முழுக்கக் கச்சேரிகளில் பாடினார். பாதிக் குரலில் தொடங்கி, ஒரே ஒருமுறை விரிந்து, மறுபடி அடங்கும். அந்தப் பாதிக் குரலில் காற்றுக் கலப்பே இல்லை, சன்னமாக இருந்தாலும் முழுச் சாரீரம்.

நூர்ட்க்விஸ்ட்டின் 'டில் ஹாவ்ஸ்' இதற்கு நேர் எதிர். கடற்காற்றைக் கொண்டாடும் பாட்டு, கடைசியில் மேலே ஏறி நிற்கும்போது நெஞ்சு நிமிரும். சிபேலியுஸின் 'ஸ்வர்த்தா ரோசொர்' மூன்றாவது. வெளியே சிரித்து உள்ளே வலிக்கும் ஒருவனின் பாட்டு. அதன் கடைசிச் சொற்களில் அவர் குரலில் வரும் கடுமையை வேறு எந்தப் பதிவிலும் நான் கேட்டதில்லை. 1959-இல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு 'ஊ ஹெல்கா நாட்'டும் ஸ்வீடிஷில்தான்.

இன்னொரு சேதி. முப்பதுகளின் தொடக்கத்தில் எரிக் ஊட்டெ என்ற புனைபெயரில் நடனப் பாட்டுகளும் பாடியிருக்கிறார். ஆபரா மேடையில் மொட்ஸார்ட், தட்டில் நடன மெட்டு. இரண்டிலும் அதே சுத்தம்.

புதுக்காது

அக்கா, நீங்க சொன்ன 'டூனெர்னா' கேட்டேன். ஒரு வார்த்தை புரியல, ஆனா முடிஞ்சதும் உடனே இன்னொரு பாட்டு போட மனசு வரல. முத்துக்குளிப்போர் ஜோடிப்பாட்டும் கேட்டாச்சு. ரெண்டு குரலும் சேர்ற இடத்துல எது யாருதுன்னே பிரிக்க முடியல.

கருப்புத்தட்டு சார், அவர் குரல் கடைசிவரை இப்படியே இருந்ததா? வயசு ஏற ஏற மாறலையா?

கருப்புத்தட்டு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மாறியது. எப்படி மாறியது என்று காட்ட ஒரே பாட்டை மூன்று வயதில் கேட்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது: இறந்தவர்களுக்கான பிரார்த்தனையாக வெர்டி அமைத்த 'ரெக்வியம்' இசையில் டெனர் தனியாகப் பாடும் 'இன்ஜெமிஸ்கோ'. பாவி ஒருவன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறான். நடுவில் ஓபோ என்ற குழல் வாத்தியம் தனியாக ஒலிக்க, ஆட்டு மந்தையில் எனக்கும் ஓர் இடம் தா என்று கெஞ்சும் பகுதி வரும். பிறகு வலப்பக்கம் என்னை நிறுத்து என்று உச்சத்தில் முடியும்.

முதலாவது 1938, கிரெவில்லியுஸோடு ஸ்டாக்ஹோம் பதிவு. வயது 27. குரல் புதுப் பளிங்கு. தான் மன்னிக்கப்படுவோம் என்பதில் இந்த இளைஞனுக்குச் சந்தேகமே இல்லை. உச்ச ஸ்வரம் சிரிப்பாகவே வருகிறது. அழகு என்றால் மூன்றிலும் இதுதான்.

இரண்டாவது 1940 நவம்பர் 23, நியூயார்க் கார்னகி ஹால், டாஸ்கனீனி நடத்திய என்பிசி வானொலி ஒலிபரப்பு. இங்கே பாவிக்குப் பின்னால் தீர்ப்பு நாள் துரத்திக்கொண்டு வருகிறது. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் பியோர்லிங் சொற்களைக் கடித்துப் பாடுகிறார். இரவுநேயர் சொன்ன 'பத்திக்கொள்ளும்' ஆள் இவர்தான்.

மூன்றாவது 1960 ஜூன், வியன்னா. ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்த, வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு. லியண்டைன் பிரைஸ், ரோஸலிண்ட் எலையாஸ், ஜார்ஜியோ டொட்ஸி மற்ற மூவர். அந்த ஆண்டு மார்ச் 15 அன்று லண்டன் கவெண்ட் கார்டனில் 'லா போயெம்' தொடங்கவிருந்த நேரத்தில் பியோர்லிங்குக்கு மாரடைப்பு வந்தது. அரங்கில் ராணியின் தாயார் வந்து அமர்ந்திருந்தார். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது, அவர் பாடியே தீருவேன் என்று பாடி முடித்தார். அதற்கு மூன்று மாதம் கழித்து நடந்த இந்த வியன்னாப் பதிவுதான் அவருடைய கடைசி ஸ்டுடியோ வேலை. செப்டம்பர் 9 அன்று, ஸ்டாக்ஹோமை ஒட்டிய தீவுக்கூட்டத்தில் ஸியாரோ என்ற தீவில் இறந்துபோனார். வயது 49.

ரைனர் மிக நிதானமாக நடத்துகிறார். அந்த நிதானத்தில் வேறொரு டெனர் மூச்சுக்குத் தவித்திருப்பார். பியோர்லிங்கின் நடு ஸ்தாயி இங்கே கனத்து, ஓரங்களில் இருட்டாகிவிட்டது. ஓபோவுக்குப் பின் வரும் கெஞ்சலை, முந்தைய இரண்டிலும் இல்லாத அளவுக்கு, கேட்டால் கிடைக்குமா என்று தெரியாதவன் குரலில் பாடுகிறார். விம்மல் இல்லை, கேவல் இல்லை, வரி எங்கும் அறுபடவில்லை. இரவுநேயர் பாணியில் சொன்னால் இது ஸ்டுடியோ, எதிரில் ஜனம் இல்லை. இதையும் குளிர்ந்த குரல் என்று சொல்ல முடியுமா?

சாரீரம்

1960 பதிவைக் குரல் பயிலும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். உடல் தளர்ந்திருக்கிறது, முறை தளரவில்லை. உச்ச ஸ்வரத்துக்கு முன் அவர் எடுக்கும் மூச்சைக் கவனியுங்கள், அவசரமே இல்லை. 1938-இல் இளமை செய்துகொடுத்த வேலையை இங்கே கற்றது செய்கிறது.

சோகத்தை நாம் அவர் மரணச் செய்தியிலிருந்து எடுத்து இதில் பூசிவிடக் கூடாது என்பதும் முக்கியம். அவர் சாவை எதிர்பார்த்துப் பாடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று ஸ்வீடனின் யோட்டபோரி நகரில் மேடையேறி, 'லோஹென்கிரின்' ஆபராவின் கதைப்பாட்டை ஸ்வீடிஷில் பாடியிருக்கிறார். அந்தப் பதிவில் குரல் வெயில் போல இருக்கிறது. இறப்பதற்கு ஐந்து வாரம்தான் இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரவுநேயர்

சார், நேத்து ராத்திரி மூணையும் வரிசையா போட்டுக் கேட்டேன். வியன்னா பதிவு என்னை அசைச்சுது, மறைக்க விரும்பல. ஸ்டுடியோவுல அவர் கவனமாயிடுவார்ங்கிற என் வாதத்துக்கு 'போயெம்' ஒரு விதிவிலக்குன்னேன், இப்ப இது ரெண்டாவது.

ஆனா என் ஓட்டு இன்னும் 1940-க்குத்தான். ரைனரோட நிதானத்துல பிரார்த்தனை இருக்கு, பயம் இல்ல. வெர்டி எழுதினதுல ரெண்டும் இருக்கு. டாஸ்கனீனி முன்னாடி நின்னப்ப பியோர்லிங் குரல்ல ரெண்டும் கேக்குது. ஒலித்தரம் மோசம்னு ஒதுக்கிடாதீங்க.

ஒலிப்பொறி

1940 ஒலிபரப்பைத் தேடுகிறவர்களுக்கு: பல பிரதிகள் உலவுகின்றன. பாடகர்கள் வாய் திறக்கும்போதெல்லாம் பின்னணி இரைச்சல் ஏறி, அவர்கள் நிறுத்தியதும் அறுந்து விழுந்தால் அது தானியங்கி நீக்கம் செய்தது, வேண்டாம். இரைச்சல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக ஓடும் பிரதியை எடுங்கள். கருப்புத்தட்டு சார் சொன்ன, சொற்களைக் கடித்துப் பாடும் இடங்கள் அதில்தான் முழுசாகத் தெரியும்.

புதுக்காது

தேடி எடுத்துட்டேன், சீரா ஓடுற பிரதிதான். ரெண்டு தடவை கேட்டேன். என் ஓட்டு 1938-க்கு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. அடுத்ததா 1947 ரோமியோ ஆரம்பிக்கிறேன், இரவுநேயர் அண்ணா, எந்த அங்கத்திலிருந்து கேக்கணும்னு சொல்லுங்க.

இரவுநேயர்

ரெண்டாம் அங்கம், பால்கனிக் காட்சி. ஸயாவோ வர்றதுக்கு முன்னாடி அவர் தனியாப் பாடுற 'ஆ! லெவ்-த்வா, ஸொலேய்'லிருந்து. காட்சி முடியற வரைக்கும் நிறுத்தாதீங்க.